ஊர் போய்ச் சேராத சாலை

2019 அக்டோபரில் அப்பா முதன்முறையாக லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். வந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமலும் அவரை ஏஞ்சலஸ் கிரெஸ்ட் சாலைக்குக் கூட்டிப்போனேன். லா கன்யாடாவில் கடைசிப் பெட்ரோல் பங்க். அதைத் தாண்டிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் ரைட்வுட் வரும்வரை, ஏறக்குறைய 60 மைலுக்கு, ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடைக்காது. ரெட் பாக்ஸ் என்ற கூட்டுரோட்டில் வண்டியை ஓரங்கட்டினேன். அப்பா இறங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏந்தாயி, இம்புட்டு மலையைக் குடைஞ்சு ரோடு போட்டிருக்கான். ஒரு ஊரக் காணோம், ஒரு தோட்டத்தக் காணோம். யாருக்காகப் போட்டான்?"

அப்பா போடிநாயக்கனூர்க்காரர். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டி எங்களைப் படிக்க வைத்தவர். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவு மேலே. சாயங்காலம் அவர்களையும் ஏலக்காய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதே 17 வளைவு கீழே. மலைப்பாதை என்றால் அதன் உச்சியில் ஒரு விளைச்சலும் அடிவாரத்தில் ஒரு சந்தையும் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. அந்தச் சாலையில் நான் அதற்கு முன்பே பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கேயும் போய்ச் சேருவதற்காக இல்லை, வளைவுகளுக்காகத்தான். ஆனாலும் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இவை.

இந்த ஊரில் ஞாயிறு காலையில் ஒருவர் 'கேன்யனுக்குப் போகிறேன்' என்றால், மலையை ஓடைகள் அறுத்த பள்ளங்களின் ஓரமாக வண்டி ஓட்டப் போகிறார் என்று பொருள். கோடையில் இந்த ஓடைகளில் கூழாங்கல்தான் இருக்கும். மாரியில் ஒரே இரவில் பாறையை உருட்டிக்கொண்டு வரும். நகரத்துக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர், மேற்கே கடலை ஒட்டி சான்டா மோனிகா மலைகள். இரண்டிலும் மனிதர் வழி போட்ட கதை ஒன்றுபோல இல்லை.

சான் கேப்ரியலில் கார்களுக்கு முன்பே ஏறியவை கோவேறு கழுதைகள். 1891-இல் மவுண்ட் வில்சன் உச்சிக்கு 9 மைல் நீளத்தில் ஒரு கட்டணப் பாதை திறந்தார்கள். நடந்து போனால் 25 சென்ட், விலங்கின் மேல் போனால் 50 சென்ட். பிறகு வானியல் ஆய்வகம் வந்தது. தொலைநோக்கியின் பாகங்களை ஏற்றுவதற்காகவே 1907-இல் அந்தப் பாதையை அகலப்படுத்தினார்கள். 60 அங்குலத் தொலைநோக்கி 1908-இல் வேலைக்கு வந்தது. 1917-இல் 100 அங்குலக் கண்ணாடி, நாலரை டன் எடை, லாரியில் அந்த வளைவுகளைக் கடந்து ஏறியது. ஆண்ட்ரோமீடா நமது பால்வீதிக்கு வெளியே தனியாக நிற்கும் ஒரு விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹபிள் கண்டுபிடித்தது அந்தக் கண்ணாடியை வைத்துத்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் கீறலே படக்கூடாத கண்ணாடி. அந்த லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரின் உள்ளங்கை எப்படி வேர்த்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். கிரெஸ்ட் சாலை அங்கே எட்டியதும் 1936-இல் கட்டணப் பாதையை மூடிவிட்டார்கள்.

கிரெஸ்ட் சாலை 1929-இல் தொடங்கியது. காட்டுக்குள் தீ பிடித்தால் வண்டிகள் போக வழி வேண்டும் என்பது ஒரு காரணம். நகரத்து மக்கள் ஓய்வு நாளில் மலைக்கு வர வேண்டும் என்பது இன்னொன்று. அப்போதே லாஸ் ஏஞ்சலஸில் கார் பெருகிவிட்டது. தென் கலிபோர்னியா ஆட்டோமொபைல் கிளப் 1900-லிருந்தே நல்ல சாலை வேண்டும் என்று பேசியும், பின்னர் வழிகாட்டிப் பலகைகள் நட்டும் வந்தது. அதாவது ஓட்டும் ஆசை முதலில் வந்தது, சாலை அதன் பின்னால் வந்தது. போடிமெட்டில் தோட்டம் முந்தி, ரோடு பிந்தி. இங்கே தோட்டத்தின் இடத்தில் ஓட்டும் ஆசை.

ஆனால் அந்த ஆசைக்குப் பாறை உடைத்தவர்கள் ஓய்வு நாள் கண்டவர்கள் இல்லை. 1915-இல் கலிபோர்னியா மாநிலம் சிறைக்கைதிகளைச் சாலை வேலைக்கு அனுப்பச் சட்டம் போட்டது. 1923-இல் அவர்களுக்குக் கூலி கொடுக்க இன்னொரு சட்டம் வந்தது. சோற்றுக்கும் துணிக்கும் ஆன செலவை அந்தக் கூலியிலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். மலையில் முகாம் அடித்துத் தங்கிய கைதிகளின் உழைப்பும் கிரெஸ்ட் சாலையில் இருக்கிறது. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்து வேலை நின்றது. கடைசியில் 1956-இல்தான் சாலை முழுமையாகத் திறந்தது. 27 வருடம்! டாசன் சேடில் என்ற கணவாயில் அது 7,903 அடி உயரம் தொடுகிறது. அந்த இடத்தில் பாறையைச் செதுக்கி எடுத்த சுவரின் பக்கம் வண்டியை நிறுத்தி நின்றால் காற்றைத் தவிர வேறு சத்தம் கேட்காது. அதைச் செதுக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே எழுதப்படவில்லை. எனக்கு அது மிகப்பெரிய குறையாகப் படுகிறது.

பெயர் எழுதப்பட்ட சாலையும் உண்டு. சான்டா மோனிகா மலை முகட்டில் ஓடும் மல்ஹாலண்ட் சாலை 1924 டிசம்பர் 27-இல் திறந்தது. மலைமேல் மனை போட்டு விற்க நினைத்தவர்களின் முயற்சி அது. காட்சி தெரிந்தால் மனை விற்கும். 1913-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்டின் பெயரை வைத்தார்கள். அடுத்த நான்காம் வருடம், 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன், அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் போனார்கள். அணை நின்ற சான் பிரான்சிஸ்கிட்டோ கேன்யனிலும் ஓர் அழகான வளைவுச் சாலை இருக்கிறது. இடிபாட்டை ஒட்டிப் போன பழைய சாலையைக் கைவிட்டு, ஒதுங்கிப் போகும் புதிய சாலை போட்டுவிட்டார்கள். பழைய தாரின் மேல் நடந்து போனால் கான்கிரீட் துண்டங்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. அந்தச் சாலையில் என்னால் வேகமாக ஓட்ட முடிவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகவே போவேன்.

வளைவுகளின் இன்பத்துக்காகவே ஓட்டுவது ஒரு பழக்கமாக வேர்விட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. இங்கிலாந்திலிருந்து எம்.ஜி. போன்ற சின்னஞ்சிறு இரட்டை இருக்கைக் கார்கள் கப்பலில் வந்தன. நேர்ச்சாலையில் அமெரிக்கப் பெருங்கார்களுக்கு அவை ஈடாகாது. வளைவில் அவை வேறு உயிரினம். 1956-இல் அகூரா குன்றுகளில் பாரமவுண்ட் சினிமாப் பண்ணைக்குள் ஒரு பந்தயத் தடம் போட்டார்கள். சாவுகள் நேர்ந்தன, 1957 முடிவதற்குள் மூடினார்கள். ஆசை மூடவில்லை. 1960களிலும் 70களிலும் மல்ஹாலண்டில் இரவுப் பந்தயம் நடந்தது. இளைஞர்கள் ஓட்டினார்கள், சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள், அங்கே குடியிருந்தவர்கள் தூக்கம் கெட்டுப் போலீஸை அழைத்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. எதிரே வருகிற வண்டியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கலாம் என்பதை மறந்த கணத்திலேயே அது இன்பம் இல்லை என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் எதுதான் இன்பம்? ஒரே ஒரு வளைவைச் சொல்கிறேன். கிளவுட்பர்ஸ்ட் கணவாயைத் தாண்டி இறங்கும்போது, வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஒன்றும் இல்லை. சாலை வலது பக்கம் திரும்பி மறைகிறது. வளைவுக்கு முன்னாலேயே, நேராக இருக்கும்போதே, பிரேக்கை மிதித்து முடித்துவிட வேண்டும். இரண்டாம் கியர். எஞ்சின் குரல் உயர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். கண் பம்பருக்கு முன்னால் இருக்கக்கூடாது. சாலை மறைகிற அந்த முனையில் இருக்க வேண்டும். கண் போன இடத்துக்குக் கை தானாகப் போகும். பாறைப் பக்கம் ஒரு கைப்பிடிக் கருங்கல் பொடி உதிர்ந்து கிடக்கும். இந்த மலைக் கல் சர்க்கரைபோல உதிரக்கூடியது, டயர் அதில் ஏறினால் வழுக்கும். அதனால் அரை அடி தள்ளிப் பிடித்து, வளைவு விரிகிறது என்று தெரிந்த பிறகே ஆக்சிலேட்டரைத் தொடுகிறேன். வண்டியின் கனம் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாறுகிறது. ஜெஃப்ரி பைன் மரப்பட்டையின் வெனிலா வாசம் ஜன்னல் வழியாக வருகிறது. வேகமுள்ளில் பார்த்தால் முப்பத்தைந்து மைல்கூட இருக்காது. அலுவலகமும் கடனும் ஊரில் இருக்கும் அம்மாவின் முழங்கால் வலியும் அந்த நாலு நொடிக்கு மனதில் இல்லை.

அப்படி ஓட்டி வந்தவர்கள் இறங்கிக் காபி குடித்த இடம் நியூகோம்ப்ஸ் ராஞ்ச். லா கன்யாடாவிலிருந்து ஏறக்குறைய 27 மைல். 1939-இல் கட்டியது, 1976-இல் எரிந்து, மறுபடி எழுந்தது. ஞாயிறு காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். அன்றைக்கு அப்பாவும் நானும் அங்கேதான் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த வளைவில் கல் விழுந்திருக்கிறது என்று கேட்காமலேயே எங்களுக்குச் சொன்னார். போடிமெட்டு டீக்கடையிலும் இதே பேச்சுதான் என்று அப்பா முகம் மலர்ந்தார். 2020-இல் கொரோனா வந்தது, அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். கடை என்று கிரெஸ்ட் சாலையில் நான் அறிந்தது அது ஒன்றுதான்.

இந்த மலை சாலையைச் சும்மா விட்டுவைப்பதில்லை. சான் கேப்ரியல் ஆற்றின் கிழக்குக் கிளையில் 1936-இல் ஒரு கான்கிரீட் வளைவுப் பாலம் கட்டினார்கள், அதன் வழியே மலையைக் கடந்து ரைட்வுட் பக்கம் போய்விடலாம் என்று. 1938 மார்ச் வெள்ளம் வந்து, பாலத்துக்கு வரும் சாலையை உருட்டிக்கொண்டு போனது. பாலம் மட்டும் நிற்கிறது, இன்றும், காட்டுக்கு நடுவில். ஓடையைப் பலமுறை கடந்து 5 மைல் நடந்தால் அதன் மேல் நிற்கலாம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 1954-இல் ஷூமேக்கர் கேன்யனில், ஆற்றுக்கு எட்டாத உயரத்தில், மறுபடி தொடங்கினார்கள். அணுகுண்டு விழுந்தால் நகரத்து மக்கள் தப்பி ஓட ஒரு வழி என்று சொன்னார்கள். மறுபடியும் கைதிகள்தான் உடைத்தார்கள். நாலரை மைலும் 2 சுரங்கங்களும் முடிந்தபோது 1969-இல் கைவிட்டார்கள். கிரெஸ்ட் சாலையோடு போய்ச் சேர்ந்த 39-ஆம் எண் சாலை 1978-இல் பாறைச் சரிவில் அறுந்தது. அதற்குப் பிறகு அந்தத் துண்டு பொதுமக்களுக்கு மறுபடி திறக்கவே இல்லை. 2009 ஆகஸ்டில் யாரோ வைத்த தீ 1,60,000 ஏக்கரைத் தின்றது, 2 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கரிந்த மலை மழையில் இளகிச் சாலைமேல் இறங்கியது. 2020-இல் மறுபடி தீ, மவுண்ட் வில்சன் வரைக்கும் வந்து நின்றது. ஏதாவது ஒரு துண்டு மூடியிருப்பது வழக்கமாகிவிட்டது. புறப்படுமுன் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது, டயரில் காற்றுப் பார்ப்பதுபோல.

அப்பாவிடம் இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதியும் இருந்தது. திரும்பும்போது சாவியைக் கேட்டார். வண்டி வலப்பக்கம் போக வேண்டும் என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். குறுகலான ஏற்றத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று கலிபோர்னியாவிலும் சட்டம் என்றதும், "பின்னே? ஏறுறவன் கனத்தோட வாரான்ல" என்றார். இன்னொரு சட்டம் அவருக்குப் புதிது: இருவழிச் சாலையில் மெதுவாகப் போகிற வண்டிக்குப் பின்னால் 5 வண்டி சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

இறக்கம் முழுவதும் கண்ணாடியைப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தார். "மூணு... நாலு..." ஐந்தாவது ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். அடுத்த ஒதுக்கிடத்தில் சேர்த்து நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போகச் சொன்னார். ஒவ்வொருவரும் கடக்கும்போது கை உயர்த்திவிட்டுப் போனார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் உயர்த்தினார். கடைசி வண்டி வளைவில் மறைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். முன் சக்கரத்தருகே குனிந்து, போடியில் தினமும் செய்ததுபோல, புறங்கையை பிரேக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார்.

"காயல தாயி" என்றார். "இன்னொரு தடவ மேல போய்ட்டு வருவமா?"