ஊராட்சி அதிகாரம்: வழங்கியதும் வரையறுத்ததும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தின் பதிவுச் சான்றிதழை இளைஞர்கள் ஒருமுறை வாங்கிப் பார்த்தல் நலம். பார்ப்பதற்கு அது ஒற்றைத் தாள். ஆயினும் அத்தாள் வந்த பின்னரே சங்கத்தின் பெயரால் நிலம் வாங்கவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும், வழக்காடவும் நம்மால் இயன்றது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஏழு பேர் கூடினால் ஒரு சங்கம் அமைக்கலாம் என்கிறது. அச்சட்டமே செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதன் பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டலாகாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. கொடுக்கும் இடத்திலேயே கட்டவும் செய்கிறது சட்டம். செயற்குழுவினர் சிலர் இக்கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று கருதுவதுண்டு. பொதுக்குழுவில் கேள்வி கேட்க எழும் கடைசி வரிசை உறுப்பினர்க்கு அவையே துணை என்பது நம் கருத்து.

அமைப்பின் கட்டுக்கோப்பை அறிந்து நடந்தவர்களில் அண்ணல் அம்பேத்கரைப்போல் இன்னொருவரைக் காண்பது அரிது. 1924-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் பம்பாயில் அவர் தொடங்கிய 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை' 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. சபையின் தலைவராகப் புகழ்பெற்ற வழக்குரைஞர் சர் சிமன்லால் சேதல்வாட் அமர்ந்தார். அண்ணல் ஏற்றதோ நிருவாகக் குழுவின் தலைமை. மேடையில் நடுநாற்காலி பிறர்க்கு. பணத்தைச் செலவிடும் முடிவும் விடுதி நடத்தும் பொறுப்பும் தம்மிடம். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைச் சபை திறந்தது. ஓர் அமைப்பில் பெருமை இருக்கும் இடமும் அதிகாரம் இருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். இவ்வேறுபாட்டை அறியாமல் நம் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

சங்கத்தை உறுப்பினர் தாமே கூடி அமைக்கின்றனர். அரசு அதனைப் பதிந்துகொள்கிறது. ஊராட்சியின் பிறப்போ வேறு. அது அரசு இயற்றிய சட்டத்தால் பிறப்பது. சட்டம் கொடுத்தது எதுவோ அதுவே அதன் கையில் உள்ளது. 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், 1884-இல் சென்னை மாகாணத்தில் வந்த தலத்தாபனச் சட்டமும் தொடங்கி, 1920, 1950, 1958 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை அரசுகள் ஊர்களுக்கு அதிகாரத்தைச் சிறுகச் சிறுக அளந்து கொடுத்தன. 'ஊர்' என்று அச்சட்டங்கள் சொன்னபோது சேரி அதனுள் எங்கே இருந்தது என்பதைச் சட்டம் இயற்றியோர் பெரிதும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவர் அண்ணல். 1932-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி இடமின்றி அமையும் பஞ்சாயத்தை அவர் எதிர்த்தார். வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை ஊரார் கையில் கொடுப்பதையும் ஏற்க மறுத்தார். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களுக்கு அவர் கூறிய மறுமொழி நாடறிந்தது. இறுதியில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற வழிகாட்டு நெறி மட்டும் 40-ஆம் பிரிவாக இடம்பெற்றது. அண்ணல் அதனை ஏற்றுக்கொண்டார்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நிலைமையை மாற்றியது. அதன் இரண்டு பிரிவுகளை இளைஞர்கள் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 243-டி பிரிவு, மக்கள்தொகை விகிதத்திற்கேற்பத் தாழ்த்தப்பட்டோர்க்கு இடங்களும் தலைமைப் பதவிகளும் ஒதுக்கப்பட 'வேண்டும்' என்கிறது. 243-ஜி பிரிவோ, ஊராட்சிகள் தன்னாட்சி நிறுவனங்களாக இயங்குவதற்குத் தேவையான அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் வழங்க'லாம்' என்கிறது. பதினொன்றாம் அட்டவணையில் வேளாண்மை முதல் கல்வி வரை 29 துறைகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் எதனைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். நாற்காலி 'வேண்டும்' என்ற சொல்லாலும் அதிகாரம் 'லாம்' என்ற சொல்லாலும் வந்து சேர்ந்தன.

தமிழ்நாடு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தை இயற்றி, 1996 அக்டோபரில் தேர்தல் நடத்தியது. மதுரை மாவட்டத்தில் நடந்தவை அனைவரும் அறிந்தவையே எனினும், இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர் பலர் அன்று பிறந்திராதவர் ஆதலின் மீண்டும் கூறுதல் கடமையாகிறது.

நமக்குக் கிழக்கே மேலூர் வட்டத்தில் உள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தோர் அச்சுறுத்தப்பட்டு விலகினர், தேர்தல் தள்ளிப்போயிற்று, மீண்டும் நடந்த வாக்குப்பதிவு குலைக்கப்பட்டது. 1996 டிசம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்ற அவரை விடவில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், அவரும் துணைத்தலைவர் மூக்கனும் உள்ளிட்ட அறுவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களுள் 13 பேர் 2019 நவம்பரில் தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டனர். மேலவளவில் அறுவருக்கும் எழுப்பிய நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மக்கள் கூடுகின்றனர்.

தென்மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் கையாண்ட முறை வேறு. அங்கே தேர்தலே நடக்கவிடவில்லை. அறிவிப்பு வரும், மனுத் தாக்கல் செய்ய யாரும் வர இயலாத நிலையை உண்டாக்குவர். சிலமுறை, ஆதிக்கச் சாதியினர் தமக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி வெல்லச் செய்து, பதவியேற்ற சூட்டோடு அவரிடமே பதவி விலகல் கடிதமும் வாங்கினர். சட்டத்தின் எழுத்துக்கு ஊறு நேரவில்லை; மனு, வாக்கு, உறுதிமொழி எல்லாம் முறைப்படி நடந்தன. பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் அரசு எடுத்த சமத்துவப் பெருவிழாவில் முதலமைச்சர் கருணாநிதி அந்நால்வரையும் பாராட்டினார்.

ஊராட்சித் தலைவர் பதவியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமரக் குத்தகை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாலை, சுடுகாடு இவையே ஊராட்சியின் உலகம். பணத்தின் அளவு பெரிதன்று. ஆனால் கண்மாயை யார் ஏலம் எடுப்பது, குழாய் எந்தத் தெருவரை செல்வது என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சாராரே முடிவு செய்து வந்த ஊரில், ஏல அறிவிப்பின் கீழ் சேரியைச் சேர்ந்தவர் கையெழுத்திடுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அக்கையெழுத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. தலைவரை வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் ஒருவராகத் தேர்கின்றனர். அப்பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையிலோ இருவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவர் தனித்துப் பணத்தைக் கையாளுதல் கூடாது என்ற நோக்கம் பழுதில்லாதது. நம் சங்கத்திலும் காசோலையில் இருவர் ஒப்பமிடுகிறோம். ஆயினும் ஒதுக்கீட்டு ஊராட்சிகளில், உறுப்பினருள் பெரும்பான்மையினரான ஆதிக்கச் சாதியினர் தம்மவரைத் துணைத்தலைவராக்கிவிட்டால், அவர் ஒப்பமிட மறுக்கும் நாளில் தலைவரால் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம்கூடக் கொடுக்க இயலாது. சம்பளம் வராதவர் குறை சொல்வது தலைவரைத்தான். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் துணைத்தலைவர் பதவியையும் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் எழுந்தது. அது நியாயமான கோரிக்கை என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து, தலைவரை நீக்கும் அதிகாரம். சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆவார். அவர் தாமாகவோ, உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்ததன் பேரிலோ தலைவரிடம் விளக்கம் கேட்கலாம். விளக்கம் நிறைவளிக்காவிடில் வட்டாட்சியர் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தை அறிவார். பின்னர் ஆட்சியர் முடிவெடுப்பார். நீக்கப்பட்டவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இதிலும் நோக்கம் ஊழலைத் தடுப்பதே. ஆனால் ஊரார் ஆயிரம் பேர் வாக்களித்து அமர்த்தியவரை நீக்கும் வேலையைச் சில உறுப்பினர் ஒன்றுகூடித் தொடங்கிவைக்க முடிகிறது. விளக்கக் கடிதத்திற்குக் குறித்த காலத்திற்குள் எழுத்தில் மறுமொழி கொடுத்தாரா, தீர்மானப் புத்தகமும் ரசீதும் அவர் கையில் இருந்தனவா என்பவற்றைப் பொறுத்தே தலைவரின் கதி அமையும். படித்த இளைஞர் ஒருவர் அருகிருந்து உதவினால் தப்பிக்கக்கூடிய இடம் அது.

2020-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டினை இங்கே குறிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாட்கள் கழித்து அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் மன்றக் கூட்டத்தில் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. ஊராட்சி ஒதுக்கீடு வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும், சட்டம் 'வேண்டும்' என்று அழுத்திச் சொன்ன நாற்காலியே இப்படி. 'லாம்' என்று சொன்ன அதிகாரத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் ஊரைப் பற்றியும் ஒரு சொல். வாடிப்பட்டி பேரூராட்சி, கச்சைகட்டி போன்ற சுற்றூர்கள் ஊராட்சிகள். இரண்டும் ஒன்றென நினைத்து மனுவோடு தவறான வாயிலில் நிற்போர் இன்றும் உளர். பேரூராட்சியில் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்வு செய்கின்றனர். நிருவாகம் செயல் அலுவலரைச் சார்ந்தது. ஊராட்சியில் தலைவரே நிருவாக அதிகாரி. கிராம சபை என்னும் அமைப்பும் ஊராட்சிக்கே உரியது.

அக்கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். அங்கே யாரும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியதில்லை, யாரும் பதவி விலக்கவும் இயலாது. ஊராட்சியின் திட்டத்திற்கும் வரவு செலவிற்கும் ஒப்புதல் தருவது அதன் வேலை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 என்னும் நாட்களும் 2022 முதல் சேர்ந்தன. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 10,000-க்கு மேற்பட்டோர் வாழும் ஊராட்சியில் 300 பேரும் வந்திருந்தால் கூட்டம் செல்லும். ஊரார் வராத கூட்டத்தில் நம் தெருவினர் மட்டுமே வந்து இவ்வெண்ணிக்கையை நிறைவு செய்யக்கூடிய ஊர்கள் பல. ஆனால் பதிவேட்டை வீடு வீடாக அனுப்பிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் பரவிய இடங்களில் இவ்வுரிமை கைநழுவிப் போகிறது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபைக்கு வந்தமர்ந்த ஊர், பத்தாண்டுகள் தேர்தலே நடவாத அதே பாப்பாபட்டி.

ஊராட்சியின் ஆயுளுக்கும் சட்டம் வரம்பிட்டுள்ளது. அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு ஐந்தாண்டுக்கு மேல் எந்த ஊராட்சியும் நீடிக்கலாகாது என்றும், காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. முற்பகுதி தவறாமல் நடக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது மதுரை மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. இடையில் மூன்றாண்டுகள் தனி அலுவலர்கள் ஆண்டனர். அத்தேர்தலில் வந்த தலைவர்களின் காலமும் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, மாநிலத்தின் 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். தனி அலுவலர் காலத்தில் தலைவர் இல்லை, துணைத்தலைவர் இல்லை, மன்றமும் இல்லை. மன்றத்தின் தீர்மானத்தை எழுதுபவரும் அதனை நிறைவேற்றுபவரும் அரசு அனுப்பிய அலுவலரே. கிராம சபை மட்டும் அப்போதும் கூட வேண்டும்; வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் அப்போதும் அதன் உறுப்பினரே.