சதுரம் யாருடையது?

தோழர்களே, கோடும் சதுரமும் அறுகோணமும் நிறம் அறியாதவை, சாதி அறியாதவை என்கிறார்கள். வடிவங்கள் அறியாதவையாக இருக்கலாம். அவற்றைத் தாங்கிய சுவர்கள் நன்றாகவே அறிந்திருந்தன.

1968இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1930களின் அமெரிக்கக் கலை பற்றிக் கண்காட்சி நடத்தியது. அதில் கறுப்பினக் கலைஞர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். 1969 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது; ஹார்லெமின் ஓவியர்களுக்கு அதிலும் இடமில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த கறுப்பர் அவசரப் பண்பாட்டுக் கூட்டணி, விட்னியையும் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது.

அதே ஆண்டு டிசம்பரில், டெட்ராய்ட்டில் பிறந்த ஆல் லவிங் விட்னியில் தனிக்கண்காட்சி கண்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். அவர் வைத்தவை கனசதுரங்களும் அறுகோணங்களும். போராட்டம் திறந்த கதவு வழியே, போராட்டத்தின் காட்சி எதுவும் இல்லாத ஓவியம் உள்ளே போனது.

மக்கள் தெருவில் அடிபடும்போது கனசதுரம் எதற்கு என்று கறுப்பர் கலை இயக்கத்தில் கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஆனால் ஒடுக்கப்பட்டவர் தன் காயத்தை மட்டுமே வரைய வேண்டும் என்பது விதியானால், வடிவத்தைச் சிந்திக்கும் உரிமை மீண்டும் ஆதிக்கத்தின் கைக்கே போய்ச் சேரும்.

1971இல் விட்னி, ஒட்டுத்துணிப் போர்வைகளை அரூப ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. அதைப் பார்த்த லவிங் தன் கித்தான்களைக் கிழித்து, சாயமேற்றி, தைக்கத் தொடங்கினார். பெண்கள் வீட்டில் செய்தால் கைவேலை, ஆண்கள் சட்டத்தில் அடைத்தால் கலை என்ற பிரிவினை அந்தத் தையலில் பிரிந்தது.

அதே 1971இல் விட்னி கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோது 15 பேர் விலகினார்கள். சுவரில் இடம் கிடைத்தது. தேர்வு செய்யும் நாற்காலியில் கறுப்பர் இல்லை என்பதே அவர்கள் குற்றச்சாட்டு.

1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஓவியர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. நம் துயரத்தை வரையும் உரிமையோடு ஒரு வெறும் சதுரத்தை வரையும் உரிமையும் நமக்கு உண்டு. சுவரில் யார் என்று கேட்கும்போதே, தேர்ந்தெடுப்பவர் யார் என்றும் கேட்போம்.