மூளையை அறிந்த வரலாறு

தன்னை அறிதல் வேண்டும் என்பது நம் சமயம் புகட்டும் முதற்பாடம். ஆயின், அறிவுக்குக் கருவியாகிய மூளையோ மண்டையோட்டினுள் மறைந்து கிடக்கிறது. உயிரோடிருப்பவரின் தலையைத் திறவாமலே அதன் தொழிலை அறிய விஞ்ஞானிகள் கண்ட வழிகளை நாம் ஒருசிறிது நோக்குவோம்.

முதலில் இறந்தோர் உடலே அவர்க்குப் பாடநூலாயிற்று. 1861இல் பாரிஸ் நகரில், ஒரேயொரு அசையையன்றி வேறெதுவும் பேசவியலாத நோயாளி ஒருவர் மாண்டார். புரோக்கா என்னும் வைத்தியர் அவரது மூளையைச் சோதித்து, இடப்பக்க முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். பேச்சுக்கு மூளையில் தனியிடம் உண்டென்பது அதனாற் புலனாயிற்று.

1924இல் ஜேர்மனி நாட்டு ஹான்ஸ் பெர்கர், உயிருள்ள மனிதரின் மூளையில் எழும் மெல்லிய மின்னலைகளைப் பதிவு செய்தார். 1935இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியர்கள், வலிப்பு வேளையில் அவ்வலைகள் தாறுமாறாகப் பொங்கியெழுவதை வரைந்து காட்டினர்.

அதே கருவி நம் யோகியரையும் சோதித்தது. 1961இல் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் அவ்வாராய்ச்சியை வெளியிட்டனர். கண்மூடி அமைதியாயிருப்போரிடம் காணப்படும் ஆல்பா அலை, ஒளியோ ஓசையோ தாக்கினால் கலைவது வழக்கம். சமாதியில் அமர்ந்த யோகியரிடம் அது கலையவில்லை. முன்னோர் மொழிந்ததைச் சோதித்தறிய அஞ்சவேண்டுவதில்லை என்பதற்கு இஃது நல்ல சான்று.

1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சி.டி. ஸ்கான், எக்ஸ் கதிர்களாலும் கணினியாலும் மூளையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டியது. பின்வந்த எம்.ஆர்.ஐ. காந்தத்தின் துணையால் மேலும் தெளிவான படம் தந்தது. மூளையின் எப்பகுதி உழைக்கிறதென்பதை இரத்த ஓட்டத்தின் மாற்றங்கொண்டு அறியும் முறையும் 1990ஆம் ஆண்டையொட்டி உருவாயிற்று.

இவ்வரலாறு நமக்கென்ன பயன் தரும்? பசறையாயினும் லுணுகலையாயினும், லயத்திலே ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், பேய்க்கோளாறென்று கலங்குவதும் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் நம்மவரிடை வழங்கிய பழக்கங்கள். அது பேயன்று, மூளையின் மின்னோட்டத்தில் நேரும் குழப்பமே. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள்; வாயில் எதனையும் வையாதீர்கள். வைத்தியர் தரும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வலிப்பு நோயாளர் பத்துப்பேரில் ஏழுபேர்வரை வலிப்பின்றி வாழக்கூடும்.

கோவிலில் நேர்த்தி வைப்பதை நாம் தடுக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குச் செல்வதைப் பிற்போட வேண்டாம் என்றே பெரியோரை வேண்டுகிறோம். அதனை வீடுதோறும் எடுத்துரைப்பது வாலிபர் கடன்.