பழைய கணினி, டயல் அப் மொடம், பாமினிக் கோப்புகள்: மலையக வாசகர்களுக்கு ஒரு கையேடு

அமெரிக்காவின் ஏ.ஓ.எல் நிறுவனம் தனது டயல் அப் இணையச் சேவையை 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. தொலைபேசிக் கம்பியை மொடத்தில் செருகி, அந்தக் கீச்சிடும் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து இணையத்துக்குள் நுழைந்த ஒரு காலத்தின் முடிவாக அது உலகெங்கும் பேசப்பட்டது.

அந்தக் காலத்துக் கணினிகள் எல்லாம் இன்னும் போய்விடவில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் தொழிற்சங்கக் கிளைகளும் டியூஷன் வகுப்புகளும் டைப்செட்டிங் கடைகளும் கொமியூனிகேஷன் கடைகளும் 1990களின் பிற்பகுதியில் வாங்கிய இயந்திரங்கள் அலுமாரிக்கு மேலேயோ மேசைக்குக் கீழேயோ தூசு படிந்து கிடப்பதுண்டு. அவற்றின் வன்தட்டில் என்ன இருக்கக்கூடும்? மரணாதாரச் சங்கத்தின் பெயர்ப் பட்டியல், பிரஜாவுரிமை விண்ணப்பம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான பிள்ளையைத் தேடி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம், வெளிநாட்டு உறவுக்கு அடித்த மின்னஞ்சலின் பிரதி.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போன குடும்பங்கள் ஏராளம். அவர்களிற் பலர் 2009இல் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் முகாமுக்கு வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, மலையகத்தில் யாரோ ஒருவர் அன்று தட்டச்சுச் செய்து வைத்த கோப்பு மிஞ்சியிருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம். பழைய கணினியை மீண்டும் இயக்கி இணைப்பதை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க முடியாதது அதனால்தான்.

மொடம் செய்யும் வேலை

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேட்ஸ் வரையான ஒலி அலைகள் மட்டுமே அதில் போகும். கணினியின் தரவுகளை இந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், வரும் ஒலியை மறுபடி தரவாக மாற்றுவதும்தான் மொடத்தின் வேலை. ஆரம்பத்தில் கேட்கும் இரைச்சல், இரண்டு மொடங்களும் எந்த வேகத்தில், எந்த முறையில் பேசுவது என்று தமக்குள் உடன்பட்டுக்கொள்ளும் சத்தம்.

1998இல் வந்த வி.90 தரத்தின்படி உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிட். மேலேற்றும் வேகம் 33.6 கிலோபிட். பெட்டியில் 56 என்று எழுதியிருந்தாலும் மலைப் பக்கங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. நீண்ட தூரம் தூண்களில் வரும் செப்புக் கம்பி, மழையில் நனையும் மூட்டுகள் எல்லாம் வேகத்தைக் குறைத்துவிடும். 40 கிலோபிட் கிடைத்தாலும் ஒரு மெகாபைட் அளவுள்ள ஒரு படம் வந்துசேரக் கிட்டத்தட்ட மூன்றரை நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வேறு அழைப்பும் வராது.

மலையகத்துக்கு இணையம் வந்த வழி

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அப்போது இணையத்துக்கு வழி தொலைபேசிக் கம்பி மட்டும்தான். தோட்டங்களில் அந்தக் கம்பி துரை பங்களாவுக்கும் காரியாலயத்துக்கும் தொழிற்சாலைக்கும் வந்தது, லயத்துக்கு வரவில்லை. கடிதமே தோட்டக் காரியாலயம் வழியாகத்தான் லயத்துக்கு வந்தது. ஆகவே தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு இணையம் என்றால் டவுனுக்கு இறங்கி, கொமியூனிகேஷன் கடையில் நிமிடக் கணக்கில் காசு கொடுப்பது என்றே பொருள்.

இதே நுவரெலியா மாவட்டத்தில்தான் உலகம் கவனித்த ஒரு முயற்சியும் நடந்தது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1989இல் தொடங்கப்பட்ட கொத்மலை சமூக வானொலி, 1998இல் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தில் இணைக்கப்பட்டது. நிலையத்துக்குக் கிடைத்தது செக்கனுக்கு 64 கிலோபிட் இணைப்பு. ஒரு வீட்டு மொடத்தைவிடச் சற்றே கூடிய வேகம். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் பயன்படுத்தக் கணினிகள் வைக்கப்பட்டன.

அந்த மெல்லிய இணைப்பை ஆயிரக்கணக்கானோருக்குப் பகிர்ந்தது வானொலி. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர், அந்தத் துறை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, கிடைத்ததை விளக்கிச் சொல்வார். நோய் பற்றிய கேள்வி என்றால் ஒரு வைத்தியர் உடன் இருப்பார். கணினியைத் தொடாதவர்களும் இணையத்தால் பயன் பெற்றார்கள்.

ஆனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தன. சுற்றிலும் தோட்டங்கள் இருந்தும், தமிழ் பேசும் தொழிலாளர்களுக்கு அதன் பயன் குறைவாகவே கிடைத்தது. அந்த நாட்களில் இணையத்தில் தமிழ்ப் பக்கங்களும் கொஞ்சம்தான். இருந்தவற்றைப் படிக்கவும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை முதலில் இறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

முதலில் வன்தட்டு, பிறகுதான் இணையம்

பழைய கணினி கிடைத்தவுடன் சுவிட்சைப் போடாதீர்கள். மலையகத்தின் ஈரமும் பனியும் இயந்திரத்துக்குப் பகை.

1. உலர்ந்த அறையில் சில நாட்கள் வையுங்கள். பெட்டியைத் திறந்து தூசு தட்டி, பலகையில் உப்பிய அல்லது கசிந்த கொள்ளளவிகள் உள்ளனவா என்று பாருங்கள்.

2. மின் வழங்கியின் பின்புறம் 115/230 என்ற சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும்.

3. கோப்புகள் முக்கியம் என்றால், வன்தட்டைக் கழற்றி, ஐ.டி.ஈ – யூ.எஸ்.பி அடாப்டர் மூலம் புதிய கணினியில் இணைத்து முழுவதையும் பிரதி எடுங்கள். இதுதான் மிகப் பாதுகாப்பான வழி. தட்டு ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மறுபடி மறுபடி முயன்றால் மிச்சமும் போய்விடும்.

4. தட்டைக் கழற்ற முடியாவிட்டால், ‘நல் மொடம்’ எனப்படும் குறுக்குச் சீரியல் கேபிளால் இரண்டு கணினிகளையும் நேரே இணைக்கலாம். பழையதில் ஹைப்பர் டெர்மினல், புதியதில் டெரா டேர்ம் போன்ற மென்பொருள், அனுப்பும் முறையாக ஸீமொடம். 115,200 வேகத்தில் 100 மெகாபைட் அனுப்பச் சுமார் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும்.

பிரதி கையில் வந்த பிறகு இணைய முயற்சிக்குப் போகலாம்.

இன்று மொடம் ஏன் பேச மறுக்கிறது?

பழைய மொடத்தைச் செருகியதும் வேலை செய்யும் என்று நினைப்பவர்களுக்கு முதல் தடை கம்பி. 2005ஐ அடுத்து மலையக வீடுகளுக்குப் பரவலாக வந்தவை சி.டி.எம்.ஏ தொலைபேசிகள். பின்னர் 4ஜி பெட்டிகளும் ஃபைபரும் வந்தன. கம்பியில்லாத தொலைபேசிகள் குரலைச் சுருக்கி அனுப்புகின்றன. காதுக்கு வித்தியாசம் தெரியாது. மொடத்தின் ஒலி மட்டும் சிதைந்துவிடும். ஃபைபர் பெட்டியின் தொலைபேசித் துளையிலும் குரல் இணையத் தரவாகத்தான் போகிறது. அங்கு இணைப்பு கிடைத்தாலும் வேகம் குறைவாக இருக்கும், அடிக்கடி அறுந்தும் போகும்.

இரண்டாவது தடை, அழைத்தால் மறுமுனையில் பதில் சொல்ல ஒரு மொடம் வேண்டும் என்பது. அதை வீட்டுக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளலாம். மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: உண்மையான மொடம், உண்மையான இரைச்சல். இரண்டு தொலைபேசித் துளைகள் உள்ள வீ.ஓ.ஐ.பி அடாப்டர் ஒன்று வாங்கி, ஒரு துளையில் பழைய கணினியின் மொடத்தையும் மற்றதில் ராஸ்பெரி பை கணினியுடன் சேர்ந்த யூ.எஸ்.பி மொடத்தையும் இணைக்க வேண்டும். ஒரு துளையிலிருந்து மற்றதை அழைக்கலாம். அடாப்டரில் ஜி.711 முறையைத் தெரிந்து, எதிரொலி நீக்கத்தையும் மௌன நீக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். ராஸ்பெரி பை, லினக்ஸில் உள்ள பி.பி.பி மென்பொருளின் மூலம் பழைய இணையச் சேவை நிறுவனத்தின் வேலையைச் செய்யும்.

இரண்டாவது வழி: மொடமாக நடிக்கும் சிறு பலகை. ஈ.எஸ்.பி.8266 என்ற மலிவான வைஃபை சில்லைக் கொண்ட பலகையை சீரியல் போர்ட்டில் இணைத்தால், கணினி அதை மொடம் என்றே நம்பும். தொலைபேசி தேவையில்லை. பலகையை நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். மக்ஸ்3232 போன்ற மின்னழுத்த மாற்றி இடையில் இருக்க வேண்டும். எல்லா மென்பொருளிலும் பி.பி.பி வசதி இல்லை என்பதால் அதையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாவது வழி: மொடத்தை மறந்துவிட்டு, கணினியில் பழைய நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் போட்டு ரவுட்டருடன் கேபிளால் இணைப்பது. எளிதும் வேகமும் இதில்தான்.

மொடம் வாங்குவதாக இருந்தால் சீரியல் போர்ட்டில் இணையும் வெளி மொடமே நல்லது. உள்ளே பொருத்தும் மலிவான மொடங்கள் பல, பாதி வேலையை வின்டோஸிடம் ஒப்படைப்பவை. அதற்குரிய டிரைவர் தொலைந்தால் அவை வெறும் பலகை. வின்டோஸ் 98இல் கன்ட்ரோல் பெனலில் மொடத்தைச் சேர்த்து, ‘டயல் அப் நெட்வேர்க்கிங்’ பகுதியில் புதிய இணைப்பு உருவாக்க வேண்டும். டயல் டோன் இல்லை என்று மொடம் அடம்பிடித்தால், அதன் மேலதிக அமைப்பில் எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேருங்கள். டோனுக்குக் காத்திராமல் எண்ணை அழைக்கும்.

உண்மையான செப்புக் கம்பி வைத்திருப்பவர்கள் இடி மின்னல் நேரத்தில் மின்சார வயருடன் தொலைபேசி வயரையும் கழற்றிவிட வேண்டும். மலையகத்தில் மொடங்களைக் கொன்றதில் பெரும் பங்கு மின்னலுக்கு உண்டு.

இணைந்த பின் என்ன தெரியும்?

மிகக் கொஞ்சம். இன்றைய தளங்கள் கேட்கும் மறைகுறியாக்க முறை வின்டோஸ் 98இன் உலாவிகளுக்குத் தெரியாது. பெரும்பாலான பக்கங்கள் திறக்காது. ராஸ்பெரி பையில் ஒரு ப்ரொக்ஸி மென்பொருளை வைத்துப் பக்கங்களை எளிமையாக்கிக் காட்டச் செய்யலாம். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், முகநூல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் ஒருபோதும் தட்டாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வீட்டுக்குள் கோப்புகளை மாற்றுவதற்கு மட்டும் இணைப்பைப் பயன்படுத்துவது உத்தமம்.

பாமினிக் கோப்பைக் குப்பை என்று அழிக்காதீர்கள்

மீட்ட கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டுமே தெரியலாம். வைரஸ் என்று பயந்து பலர் அழித்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பாமினியிலோ அதுபோன்ற வேறோர் எழுத்துருவிலோ தட்டிய தமிழ். அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தே வெளியே தெரியும்.

ஆகவே கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது வின்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபொன்ட்ஸ்’ கோப்புறையையும் முழுதாக எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று கண்டுபிடிக்க அதுதான் திறவுகோல். பிறகு யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

மாற்றிய பிரதியை வரி வரியாகச் சரிபாருங்கள். பாமினியில் கொம்புகள், இணைக்கொம்புகள் எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். யூனிகோடில் பின்னால் வரும். மாற்றும்போது இவை இடம் மாறக்கூடும். கிரந்த எழுத்துகளும் தவறலாம். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைந்தவர்களுக்கு ஓர் எழுத்தின் விலை தெரியும்.

பெயர்ப் பட்டியல்களில் இன்னும் ஒரு கவனம் தேவை. கைதானவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், முறைப்பாடு செய்தவர்கள் பற்றிய கோப்புகளை இணையத்தில் இலவசமாக மாற்றித்தரும் முகம் தெரியாத தளங்களில் ஒட்டாதீர்கள். இணையத்தைத் துண்டித்த பின்னும் இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். திருத்தக் கடையில் கணினியைக் கொடுத்துவிட்டு வராமல் வேலை முடியும்வரை அருகிலேயே இருங்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் பிரதி கொடுக்க வேண்டாம்.

இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். முக்கியமான பக்கங்களைக் கடதாசியிலும் அச்சிட்டு, எந்தக் கணினியிலிருந்து, எந்தத் திகதியில், யார் எடுத்தது என்று அடியில் எழுதிவிடுங்கள். வன்தட்டில் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஓர் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் காட்ட நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, இது எப்போது எழுதியது என்பதாகத்தான் இருக்கும்.