மெமரி கார்டில் தோற்ற வீட்டா

2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 25,000 யென். கண்ணாடி போடாமலேயே மேல்திரையில் முப்பரிமாணக் காட்சி தெரியும் என்பதுதான் பெரிய விளம்பரம். வாங்கத்தான் எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை.

2008இல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்ததிலிருந்து, கையில் வைத்து விளையாடும் கேமுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்ற கணக்கே மாறிப்போயிருந்தது. ஐபோனில் ஆங்கிரி பேர்ட்ஸ் ஒரு டாலருக்கும் குறைவு. 3டிஎஸ் கேம் ஒன்று நாற்பது டாலர்.

விற்பனை சரியில்லை என்பதை நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாத்தா சீக்கிரமே ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் ஆவதற்குள், ஆகஸ்ட் 11 முதல் ஜப்பானில் விலை 15,000 யென் ஆனது. தன் சம்பளத்தையும் அவர் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பழைய விலைக்கு வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசமாகக் கிடைத்தன. முதலில் நம்பி வந்த வாடிக்கையாளரை மதித்த அந்தச் செயலுக்காகவே இவாத்தாவைப் பாராட்ட வேண்டும். ஆண்டு இறுதிக்குள் சூப்பர் மாரியோ 3டி லேண்டும் மாரியோ கார்ட் 7ம் வந்துசேர, விற்பனை நிமிர்ந்தது.

போட்டிக்கு சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று ஜப்பானில் வந்தது. கருவி என்று பார்த்தால் 3டிஎஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஐந்து அங்குல ஓலெட் திரை, இரண்டு அனலாக் ஸ்டிக், முதுகுப் பக்கத்திலும் தொடுபரப்பு. அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகளில் இவ்வளவு அழகாகச் செய்யப்பட்டது வேறில்லை.

கெடுத்தது மெமரி கார்டு. 3டிஎஸ்ஸுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்டி கார்டு போதும். வீட்டாவுக்கோ சோனியே தயாரித்த தனி கார்டுதான் வேண்டும். அமெரிக்காவில் 32 ஜிபி கார்டு நூறு டாலர். கருவியே 250 டாலர்தான்! சோனியின் முந்தைய கையடக்கக் கருவியான பிஎஸ்பியைத் திருட்டு கேம்கள் வாட்டியெடுத்தது உண்மை. அந்தத் திருட்டைத் தடுப்பதற்காக, காசு கொடுத்து வாங்குபவர் தலையில் இந்தச் சுமையை ஏற்றியது நியாயமே இல்லை.

இன்னொரு அடியை கேம் தயாரிப்பு நிறுவனமான கேப்காம் கொடுத்தது. ஜப்பானில் பிஎஸ்பியை வாழவைத்த கேம் அதன் மான்ஸ்டர் ஹன்டர். நண்பர்கள் கருவிகளோடு ஒன்றாக உட்கார்ந்து கூட்டு வேட்டை ஆடுவார்கள். அந்தக் கேம் அணி மாறியது. வீட்டா கடைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது, டிசம்பர் 10 அன்று, மான்ஸ்டர் ஹன்டர் 3ஜி 3டிஎஸ்ஸில் வெளியானது. வீட்டாவை நம்பிக் காத்திருந்த ஜப்பானிய ரசிகருக்கு அதன் பிறகு அதை வாங்க என்ன காரணம் இருந்தது?

3டிஎஸ் குடும்பம் மொத்தம் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. இதில் 2013இல் வந்த 2டிஎஸ்ஸில் முப்பரிமாணக் காட்சியே கிடையாது. வீட்டாவின் தயாரிப்பு 2019இல் நின்றது. 2021இல் அதன் இணையக் கடையையும் மூடப்போவதாக சோனி அறிவித்தது. ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அடுத்த மாதமே முடிவைத் திரும்பப் பெற்றது. 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் கடையில் விற்பனை நின்றபோதும், வீட்டாவின் கடை திறந்தே இருந்தது.