புரத ஜெல் படத்தை நம்பலாமா? கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

புதிய மருந்து பற்றிய பல ஆய்வுக் கட்டுரைகளில், வெளிர் பின்னணியில் கறுப்புக் கோடுகள் கொண்ட படம் ஒன்று இருக்கும். "இந்தப் புரதம் இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது" என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தச் சாட்சி சரியா என்று பார்ப்பது எப்படி?

ஜெல் என்ன செய்கிறது?

லேம்லி 1970-ல் வெளியிட்ட முறையே இன்றும் புழக்கத்தில் உள்ளது. எஸ்டிஎஸ் என்ற வேதிப்பொருள் புரதத்தின் மடிப்பைப் பிரித்து, அதற்கு எதிர்மின்னூட்டம் தரும். மின்சாரம் பாய்ந்ததும் சிறிய புரதம் ஜெல்லில் வேகமாக இறங்கும், பெரியது பின்தங்கும். வெஸ்டர்ன் பிளாட் முறையில், இப்படிப் பிரிந்த புரதங்களை ஒரு சவ்வுக்கு மாற்றி, தேவையானதை மட்டும் ஆன்டிபாடி மூலம் அடையாளம் காண்பார்கள்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

1. அளவுகோல்: எடை தெரிந்த புரதங்களின் கலவையான 'லேடர்' ஓரத்தில் இருக்க வேண்டும். மாட்டு ஆல்புமின் என்றால் 66 கிலோடால்டன் அருகே கோடு வரணும்.

2. கோட்டின் வடிவம்: நடுவில் சூடு அதிகமானால் கோடுகள் சிரிப்பதுபோல வளையும். புரதம் சிதைந்தாலோ, அளவுக்கு மீறி ஊற்றினாலோ நீளமாக இழுபடும்.

3. கூடுதல் கோடுகள்: சுத்திகரித்த புரதத்தில் இவை இருந்தால் கலப்படமோ, உடைந்த துண்டோ இருக்கலாம்.

4. ஒப்பீடு: எல்லா வரிசையிலும் ஒரே அளவு புரதம்தான் ஊற்றினார்களா? ஆக்டின் போன்ற பொதுப் புரதத்தின் கோடு சமமாக இருக்கிறதா பாருங்கள். அந்தக் கோடே முழுக்கக் கறுத்துப்போயிருந்தா, வித்தியாசம் இருந்தாலும் தெரியாது. புரதம் இல்லாத மாதிரியில் கோடு வரவே கூடாது.

5. வெட்டு, ஒட்டு: வெவ்வேறு ஜெல்லின் பகுதிகளைச் சேர்த்தால் நடுவே பிரிவுக்கோடு போட்டுக் காட்டணும். பின்னணி திடீரென மாறுவதும், ஒரே கோடு இரண்டு இடத்தில் வருவதும் சந்தேகத்துக்குரியவை.

ஏன் இது முக்கியம்?

1995 முதல் 2014 வரை வெளியான 20,621 கட்டுரைகளின் படங்களை எலிசபெத் பிக் குழுவினர் ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டனர். 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் முறையின்றித் திரும்ப வந்திருந்தது. அவற்றில் குறைந்தது பாதி, வேண்டுமென்றே செய்ததுபோல் தெரிந்தது.

எல்லாமே மோசடி இல்லை, கவனக்குறைவும் உண்டு. ஆனால் தவறான கோட்டை நம்பி அடுத்த ஆய்வு தொடங்கினால் பணமும் வருடங்களும் வீண். அதனால்தான் பல ஆய்விதழ்கள் வெட்டாத முழு ஜெல் படத்தைக் கேட்கின்றன. அடுத்த முறை இப்படியொரு படம் கண்ணில் பட்டால், முழுப் படமும் கூடவே இருக்கா என்று முதலில் தேடுங்கள்.