மதராஸ் வெள்ளிப் பாத்திரங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஆங்கிலேயர் சாப்பாட்டு மேசைக்கென்று சென்னை ஆசாரிகள் அடித்துக் கொடுத்த தேநீர்க் குடுவை, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், கரண்டி முதலியவை மதராஸ் வெள்ளி எனப்படும். அவற்றில் தெய்வ உருவங்கள் புடைத்து நிற்பவை ‘சுவாமி வெள்ளி’ என்று பெயர் பெற்றன. இன்று வெளிநாட்டு ஏலங்களில் இவை செய்த கம்பெனியின் பெயர் சொல்லி விலை போகின்றன. அதே காலத்தில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்யாணச் சீராக வந்த சந்தனக் கிண்ணத்துக்கும் பன்னீர்ச் செம்புக்கும் தராசில் நிற்கும் எடைதான் விலை. வேலைப்பாட்டில் உள்ள ஏற்றத்தாழ்வு மட்டும் இதற்குக் காரணமன்று. பாத்திரத்தின் மேல் இருக்கும் எழுத்தை யார் படிக்கத் தெரிந்துகொண்டார்கள் என்பதே பெரிய காரணம்.

இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ளதே ஸ்டெர்லிங். 1300ஆம் ஆண்டுச் சட்டம், சோதித்துத் தேறிய பாத்திரத்தில் சிறுத்தைத் தலை முத்திரை குத்தச் சொன்னது. 1478இல் ஆண்டைக் காட்டும் எழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. 1773இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் தனிச் சோதனைச் சாலைகள் வந்தபோது முன்னது நங்கூரத்தையும் பின்னது கிரீடத்தையும் அடையாளமாகக் கொண்டன. ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் காம்பின் முதுகில் சிங்கம், ஊர், ஆண்டு, செய்தவரின் பெயரெழுத்து எல்லாம் நெல்மணி அளவில் வரிசையாக நிற்கும். ஏறக்குறைய 1780 வரை இந்த முத்திரைகளைக் கரண்டியின் குழிக்குப் பக்கத்தில் குத்தினார்கள். பிறகு காம்பின் நுனிப் பக்கம் நகர்த்தினார்கள். 1840இல் எல்கிங்டன் என்பவர் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு முலாம் பூசிய கரண்டிகள் பெருகின. அவற்றிலும் மின்முலாம் என்பதைக் குறிக்கும் ‘ஈ.பி.என்.எஸ்.’ எழுத்துகள் தனித்தனிக் கட்டங்களில் முத்திரைபோலவே குத்தப்பட்டிருக்கும். புதிதாகச் சேகரிப்பவர் ஏமாறும் இடம் இதுதான். சிங்கம் இல்லாவிட்டால் அதை ஆங்கில ஸ்டெர்லிங் என்று வாங்கக் கூடாது.

இந்தியாவில் அப்படியொரு சோதனைச் சாலையை ஆங்கிலேயர் நிறுவவில்லை. கல்கத்தாவின் ஹாமில்டன், சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கம்பெனிகள் தம் பெயரையே முத்திரையாக்கின. கடிகாரக்காரரான பீட்டர் ஆர் நிறுவிய அந்தச் சென்னைக் கடை, மணிக்கூண்டுடன் அண்ணா சாலையில் இன்றும் அடையாளமாக இருக்கிறது. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது பெற்ற பரிசுகள் 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. சுவாமி வெள்ளியின் புகழ் ஐரோப்பாவில் பரவியது அந்தக் காலத்தில்தான். இந்தக் குடுவைகளின் வடிவம் முழுக்க ஆங்கிலம். கொதிநீரின் சூடு கையில் ஏறாமல் கைப்பிடியின் இரு முனையிலும் தந்த வளையம் செருகுவதும் ஆங்கில வழக்கமே. உடம்பில் மாடம் மாடமாக நிற்கும் தெய்வங்களோ, கோபுரமும் தேரும் பார்த்துப் பழகிய கை தகட்டைத் தட்டி எழுப்பியவை. கடைக்காரர் பெயர் நின்றுவிட்டது. அடித்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை.

ஊர்ப்பக்கம் வெள்ளிக்கு முத்திரையாக நின்றது ரூபாய். 1835 முதல் வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 917, ஸ்டெர்லிங்குக்கு ஒரு மயிரிழை கீழே. அதைக் கொடுத்து உருக்கிச் செய்த பாத்திரத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்ல அதிகாரி தேவைப்படவில்லை. 1940இல் அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. ஆனால் வேறொரு எழுத்து தங்கியது. சீர்ப் பாத்திரம் வாங்கியதும் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். கொடுத்தவர், பெற்றவர் பெயரின் முதலெழுத்துகள், ஊர், சிலவற்றில் கல்யாணத் தேதி எல்லாம் விளிம்பிலோ அடியிலோ இருக்கும். லண்டன் முத்திரை செய்தவரைச் சொல்கிறது. இந்தப் பெயர்வெட்டு பாத்திரம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று சொல்கிறது. சேகரிப்பவருக்கு இரண்டும் ஆவணம்தான்.

பெயர்வெட்டு வெள்ளியின் தரத்தைக் காட்டாதே, பிறகும் வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தரத்தை உரைகல்லும் இன்றைய எக்ஸ்ரே கருவியும் சொல்லிவிடும். பின்னால் வெட்டுவது இங்கிலாந்திலும் உண்டு: பழைய குலச்சின்னத்தைத் தேய்த்துவிட்டுப் புதியதைச் செதுக்கிய தட்டுகள் அங்கே ஏராளம். அதனால் சின்னத்தைப் படிப்பதை யாரும் விடவில்லை. தேய்த்த இடத்தில் தகடு மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கற்றார்கள். நம்மவர்கள் உருக்கித் தீர்த்தார்கள், அவர்கள் காத்தார்கள் என்ற பேச்சும் சரியன்று. 1640களின் உள்நாட்டுப் போரில் அவர்கள் வெள்ளித் தட்டுகளைக் காசாக அடித்தார்கள். காசை வெட்டி உருக்கிப் பாத்திரமாக்குவதைத் தடுக்கவே 1697இல் பாத்திரத்தின் தரத்தை 958 ஆக்க வேண்டி வந்தது. வெள்ளி எங்கும் ஆபத்துக் காலச் சேமிப்புதான். மகள் கல்யாணத்துக்குப் பாட்டியின் செம்பைப் போட்டுப் புதிது எடுக்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செம்பு போகலாம், அதன் செய்தி போக வேண்டியதில்லை.

அந்தச் செய்தியைக் காக்க இன்றைய விதிகள் போதா. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வெள்ளிக்கு இந்திய ஹால்மார்க் முத்திரை வந்தது 2005இல்தான். 2025 செப்டம்பர் முதல் பொருளுக்கொரு தனி எண் தரும் முறையும் சேர்ந்திருக்கிறது. பழைய பாத்திரத்துக்கு அந்த எண் எதுவும் சொல்லாது. ஆகவே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய வெள்ளியைக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள், உருக்கக் கொடுக்கும் முன் எடையைக் குறித்து, பெயர்வெட்டைப் படம் எடுத்து, அது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.